கடலுக்குப் போய்க் குளிக்காமல் வந்த கதை

மெல்பர்ன்
ஜனவரி 5, இரவு

அன்புள்ள சாரதா,

முதலில் திட்டி முடித்துவிடு, பிறகு படி. நான்கு மாதமாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை. உன் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த வாரம் போனில் பேசியதோடு சரி. இப்போது மாடிப்படி ஏறுகிறாயா? ஜெயந்தி மகள் கல்யாணத்துக்கு நான் வராததை அவள் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டாள் என்று தெரியும். என் பந்தி இலைக்கும் சேர்த்து நீ சாப்பிட்டிருப்பாய் என்பதும் தெரியும். போகட்டும்.

மணி பதினொன்றரை. நந்துவின் அறையில், அவள் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நந்து இங்கே இல்லை. அவள் இருக்கும் இடத்தில் இப்போது பத்தரை. ஒரே நாடு, ஒரே கிழக்குக் கரை, ஆனாலும் கோடையில் ஒரு மணி நேரம் வித்தியாசம். குவீன்ஸ்லாந்துக்காரர்கள் மட்டும் கடிகாரத்தைத் திருப்ப மாட்டோம் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். மூன்று நாளாக அவளிடமிருந்து தகவல் இல்லை. தூக்கம் வந்திருந்தால் இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்காது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையை மகளோடு நிம்மதியாகக் கழிக்கலாம் என்றுதான் டிசம்பரில் வந்து இறங்கினேன். இறங்கிய மறுநாளே, "அம்மா, நான் குவீன்ஸ்லாந்தில் கெய்ன்ஸ் போகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. நீயும் வருகிறாயா?" என்றாள். வராவிட்டால் இங்கே தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டும். வருகிறேன் என்றேன். உடனே நிபந்தனை போட்டாள்: பெட்டி கூடாது, முதுகுப்பை மட்டும், அதுவும் ஏழு கிலோவுக்குள். ஐம்பத்திரண்டு வயதில் என் முதுகில் ஒரு பையை ஏற்றிக் கண்ணாடி முன் நிறுத்தினாள் என் பெண். சுற்றுலாவின்போது உன் படுக்கைச் சுருளையும் சேர்த்துத் தூக்கினேனே, அந்தக் கோலம்தான். முடி மட்டும் வெளுத்திருந்தது.

விமானத்தில் வடக்கே மூன்றரை மணி நேரம். இந்த நாட்டில் வடக்கே போகப் போகத்தான் வெயில். கெய்ன்ஸில் வெப்பமானி என்னவோ 31 டிகிரிதான் காட்டுகிறது. ஆனால் கதவைத் திறந்தால், யாரோ ஈரப் போர்வையை முகத்தில் எறிந்ததுபோல் இருக்கிறது. மழைக்காலத்தின் தொடக்கம் அது. துவைத்த துண்டு பத்து நாளும் காயவில்லை. நான் ஊர் திரும்பும்போது பையில் எடுத்து வந்த கனத்தில் பாதி அந்தத் துண்டின் ஈரம்தான்.

தங்கியது முதுகுப்பைப் பயணிகளின் விடுதி. ஓர் அறையில் நான்கு அடுக்குக் கட்டில்கள், எட்டுப் பேர். எனக்குக் கீழ்க்கட்டில் கிடைத்தது, அதுவும் வயதுக்குக் காட்டிய இரக்கம். முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு வெளியே ஒரு பெண் வீறிட்டு அலறுகிறாள். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அறையில் ஒருவர்கூட அசையவில்லை. என்ன மனிதர்கள் இவர்கள் என்று நந்துவை உலுக்கினால், "அது பறவை அம்மா, தூங்கு" என்கிறாள். கர்லூ என்று ஒரு பறவை. நீண்ட காலும் பெரிய கண்ணுமாகப் பகலில் பரம சாதுவாகப் புல்வெளியில் நிற்கிறது. இரவானால் கொலை நடப்பதுபோல் கத்துகிறது. எனக்கு நம் வார்டன் அம்மாள் நினைவு வந்தது. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அறையைப் பற்றி, குறிப்பாக மேல்கட்டில் குறட்டையைப் பற்றி, இரண்டு நாள் நந்துவிடம் தமிழில் வாய் ஓயாமல் புலம்பினேன். மூன்றாம் நாள் காலை மேல்கட்டிலிலிருந்து ஒரு தலை தொங்கியது. "ஆன்ட்டி, குறட்டை விடுவது நான் இல்லை, பக்கத்துக் கட்டில்." தமிழ்ப் பெண்! செத்தே போனேன். இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1000 பேர் என்று குலுக்கலில் கொடுக்கும் விடுமுறை வேலை விசாவில் வந்தவளாம். மலைக்கு மேலே மரீபாவில் மாம்பழம் பறிக்கிறாள். கைகள் முழுக்க மாம்பால் பட்ட தழும்பு. கிறிஸ்துமஸுக்குக் கீழே இறங்கி வந்திருக்கிறாள். பொறியியல் படித்தவள். ஏன் இந்த வேலை என்று கேட்டேன். "குலுக்கலில் விழுந்ததே ஆன்ட்டி, வராமல் இருக்க முடியுமா?" என்றாள். இவளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கடல். கெய்ன்ஸ் கடலோர ஊர்தான், ஆனால் ஊருக்கு எதிரே மணல் கிடையாது. அலை வாங்கினால் கண்ணுக்கெட்டிய வரை சேறு, சேற்றில் முதலை பற்றிய எச்சரிக்கை. அதனால் நகராட்சி கரையோரத்திலேயே 4800 சதுர மீட்டரில் ஓர் உப்புநீர்க் குளம் கட்டி வைத்திருக்கிறது, 2003 முதல். கடலைப் பார்த்துக்கொண்டே கடலில் குளிக்காமல் இருக்கலாம். கிறிஸ்துமஸ் மதியம் ஊரே அந்தக் குளத்தில்தான் கிடந்தது. அன்று கடைகள் இல்லை, படகுகள் இல்லை. இருபத்துநான்காம் தேதியே சாமான் வாங்கி வைக்காத நாங்கள் ரொட்டியும் டின் பீன்ஸும் தின்றோம். முந்தின இரவு ஒரு ஜெர்மன் பெண் விடுதிச் சமையலறையில் போனும் கையுமாக அழுதுகொண்டிருந்தாள். அவர்களுக்கு இருபத்துநான்கு இரவுதான் பண்டிகை. போனில் அவள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனி தெரிந்தது. இங்கே அவள் கழுத்தில் வியர்வை வழிகிறது. என் தட்டிலிருந்த மாம்பழத் துண்டுகளை அவள் பக்கம் தள்ளினேன். அழுதுகொண்டே தின்று தீர்த்தாள். மாம்பழம் மரீபாக்காரி கொண்டு வந்தது.

ஊருக்கு வடக்கே நல்ல மணற்கரைகள் இருக்கின்றன. அங்கேயும் நவம்பரிலிருந்து மே வரை வலைக்குள்தான் குளிக்க வேண்டும். காரணம் ஜெல்லிமீன். இந்த இடத்தில் என்னை நிறுத்தாதே சாரதா, பத்து நாளாக வேறெதுவும் என் மண்டையில் ஓடவில்லை.

இரண்டு வகை. ஒன்று பெட்டி ஜெல்லிமீன். அறுபது விழுதுகள் வரை இருக்கும், ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் நீளும். சில நிமிடங்களில் ஆளைக் கொல்லக்கூடியது. அதைத் தடுக்கத்தான் வலை. கரையில் கம்பம் நட்டு வினிகர் பாட்டில் வைத்திருக்கிறார்கள். வினிகர் வலியைக் குறைக்காது, தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொடுக்குகள் மேற்கொண்டு வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இன்னொன்று இருகாண்ட்ஜி. உடல் சுண்டுவிரல் நகம் அளவு, கண்ணாடிபோல் நிறமே இல்லாதது. பெரியதைத் தடுக்கும் வலையில் இது சர்வ சாதாரணமாகப் புகுந்துவிடும். கொட்டும்போது எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காதாம். அரை மணி கழித்து இடுப்பு ஒடிகிறது, வாந்தி, வியர்வை. கூடவே, ஏதோ பெரிய கேடு வரப்போகிறது என்ற பீதி. மருத்துவர்கள் அறிகுறிப் பட்டியலிலேயே அதைச் சேர்த்திருக்கிறார்கள். நந்துவிடம் சொன்னேன், எனக்கு அது நீ பிறந்ததிலிருந்து இருக்கிறது என்று.

இந்தக் கொட்டுக்கு 1952-இல் பெயர் வைத்துவிட்டார்கள், அந்தக் கரையின் பூர்வகுடி மக்களின் பெயரை. ஆனால் எந்த உயிர் கொட்டுகிறது என்று பத்து வருடம் யாருக்கும் தெரியவில்லை. ஜாக் பார்ன்ஸ் என்று கெய்ன்ஸில் ஒரு மருத்துவர். தேடித் தேடிக் கடைசியில் அந்த நகத்தளவு பிராணியைப் பிடித்தார். அதுதான் குற்றவாளி என்று நிரூபிக்க என்ன செய்தார் தெரியுமா? தன்னைக் கொட்டவிட்டார். கரைக்காவலர் ஒருவரைக் கொட்டவிட்டார். தன் ஒன்பது வயது மகனையும் கொட்டவிட்டார். மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் துடித்து, பிழைத்து வந்தார்கள். அந்தப் பிராணியின் அறிவியல் பெயரில் இன்று அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாரும் இதை ஒரு வீரக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒரே கேள்விதான். அந்தப் பையனின் அம்மா அன்று எங்கே இருந்தாள்? அவளிடம் கேட்டார்களா, சொன்னார்களா, ராத்திரி அவள் ஆஸ்பத்திரியில் என்ன பேசினாள்? நான் படித்த எதிலும் அவள் இல்லை. நந்துவிடம் இதைச் சொன்னால், "அம்மா, அந்தப் பையன் பிழைத்துவிட்டான்" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டாள்.

இருபத்தேழாம் தேதி பவளத்திட்டுக்குப் படகில் போனோம். தலை முதல் விரல் நுனி வரை நீல லைக்ரா உடை. உறைக்குள் திணித்த தலையணைபோல் இருந்தேன், போட்டோ கேட்காதே. எனக்கு நீச்சல் தெரியாது, அதற்கு யார் காரணம் என்றும் உனக்குத் தெரியும். அந்தக் கிணற்று விவகாரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மிதவையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தேன். சாரதா, அங்கே சத்தம் கேட்கிறது! கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து அரைக்கும் சத்தம், முறுக்கு நொறுக்குவதுபோல். சில இடங்களில் பவளம் எலும்பு வெள்ளையாக நிற்கிறது. 2016-லிருந்து கடல் சூடேறித் திரும்பத் திரும்ப வெளுத்ததாகப் படகுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு அவரே பேச்சை மாற்றிவிட்டார்.

பிறகு கேப் டிரிபுலேஷன். துன்ப முனை என்று அர்த்தம். 1770-இல் கேப்டன் குக்கின் கப்பல் அங்கே பவளத்தில் மோதியது, நம் கஷ்டமெல்லாம் இங்கே ஆரம்பித்தது என்று அவர் வைத்த பெயர். போகும் வழியில் டெயின்ட்ரீ ஆற்றுக்குப் பாலம் கிடையாது, கம்பி இழுக்கும் மிதவைப் படகில் பஸ்ஸோடு ஏறிக் கடக்க வேண்டும். கரையில் முதலை எச்சரிக்கை ஆங்கிலத்தோடு ஜெர்மனிலும் சீனத்திலும் இருக்கிறது. தமிழில் இல்லை. எழுதினாலும் நாம் கேட்டுவிடப் போகிறோமா? ஆற்றைத் தாண்டினால் மின்கம்பி கிடையாது, வீடுகளில் சூரியத் தகடும் ஜெனரேட்டரும்தான். போன் பெரும்பாலும் எடுக்காது. காடு நேராக மணலில் வந்து முடிகிறது. 2021-இல் அந்த டெயின்ட்ரீ தேசியப் பூங்காவை அதன் பூர்வகுடிகளான கிழக்கு குகு யலாஞ்சி மக்களிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் எங்களைக் காட்டுக்குள் அழைத்துப் போனார். தொட்டால் மாதக்கணக்கில் எரியும் இலை ஒன்றைக் காட்டினார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

அங்கேதான் காசோவரியைப் பார்த்தோம். ஆள் உயரம், நீலக் கழுத்து, தலையில் கொம்புக் கிரீடம். பின்னால் கோடு போட்ட மூன்று குஞ்சுகள். கூட வந்தது அப்பா. பெண் பறவை முட்டையிட்டுவிட்டுத் தன் வழியே போய்விடுமாம், ஐம்பது நாள் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்ப்பது ஆண்தான். "பார்த்துக் கற்றுக்கொள் அம்மா" என்றாள் நந்து. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலையே விஷயத்தைச் சொன்னாள்.

அவளும் அந்த ஜெர்மன் பெண்ணும் மரீபாக்காரியும் மறுபடி அதே துன்ப முனைக்குப் போகப் போகிறார்களாம். கூடாரத்தில் நான்கு நாள். என் டிக்கெட் ஜனவரி 2, அவளுடையதைத் தள்ளிப் போட்டாயிற்று. கேட்கவில்லை, சொன்னாள். விடுதி வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் போய் வானிலை விசாரித்தேன். என் முகத்தைப் பார்த்தும் அந்த மனிதர் 2023 டிசம்பரில் வந்த ஜாஸ்பர் புயலின் கதையை ஆரம்பித்துவிட்டார். புயல் போன பிறகும் மழை நிற்கவில்லை, விமான நிலையம் தண்ணீரில், வூஜல் வூஜல் ஊர் மக்களை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள், சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. நல்ல மனிதர், கேட்ட கேள்விக்கு ஒன்றுகூட விடாமல் பதில் சொன்னார்.

நான் கத்தவில்லை. நீ நம்ப மாட்டாய். "வலைக்குள்ளேதான் குளிக்க வேண்டும்" என்றேன். "அங்கே வலையே கிடையாது அம்மா" என்றாள். "அப்படியானால் குளிக்காதே" என்றேன். சரி என்றாள். அவள் சரி என்று சொல்லும் விதம் உனக்குத் தெரியுமே, என்னுடையதுதான் அது. என் அம்மாவிடம் நான் சொன்ன சரிகளையெல்லாம் வரிசையாக நினைத்துக்கொண்டு விமானத்தில் வந்து சேர்ந்தேன்.

நாளை ஆறாம் தேதி, அவர்கள் திரும்பும் நாள். ஆகவே இன்னும் எதுவும் தவறவில்லை, கவலைப்பட எனக்கு உரிமையே இல்லை. ஆனாலும் அரை மணிக்கொருமுறை வானிலைத் துறையின் ராடார் படத்தைத் திறக்கிறேன். நீலம் என்றால் தூறல், சிவப்பு என்றால் கொட்டுகிறது. ஒன்பது மணிக்கு அந்த முனைமேல் ஒரு மஞ்சள் திட்டு இருந்தது. இப்போது கடலுக்குள் போய்விட்டது. பின்னால் இன்னொன்று வருகிறது.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும். ஞாயிற்றுக்கிழமை இவர் உன் வீட்டுக்கு வருவார், உன் கணவர் கொடுத்த புத்தகங்களைத் திருப்பித் தர. நானும் நந்துவும் இங்கே ஒன்றாக இருக்கிறோம் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். போனில் அவளைக் கேட்கும்போதெல்லாம் குளிக்கிறாள் என்கிறேன். நேற்று மட்டும் மூன்று முறை குளித்துவிட்டாள். நீயும் வாயைத் திறக்காதே. கிணற்றில் தள்ளியது யார் என்று வார்டன் அம்மாள் கேட்டபோது நான் கால் வழுக்கியது என்றேன். அந்தக் கடனை இப்போது தீர்த்துவிடு.

உன்
விஜி