கசடுத் தொட்டிக்கு மின்கலம்: முன்னாலா, பின்னாலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கழிவுநீர்க் கசடுத் தொட்டியோடு நுண்ணுயிர் மின்கலத்தை (கழிவைத் தின்னும் நுண்ணுயிரிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி) சேர்த்தால் பயோகேஸும் கூடும், கரண்டும் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மின்கலத்து நுண்ணுயிருக்கும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிருக்கும் முக்கிய இரை ஒன்றுதான்: அசிட்டிக் அமிலம். 1 கிலோ சி.ஓ.டி. (கழிவிலுள்ள சத்தை, அதை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனைக் கொண்டு சொல்லும் அளவு) மீத்தேனாக மாறினால் 0.35 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதை மின்கலம் தின்றுவிட்டால் அவ்வளவு வாயுவும் போச்சு. எனவே மின்கலத்தின் இடம் தொட்டிக்குப் பின்னால், வாயு எடுத்த பிறகு வெளியேறும் நீரில்.

வாயுவைக் கூட்டுவதற்கு வழி வேறு. தொட்டிக்குள் இரண்டு மின்முனைகளை இறக்கி, வெளியிலிருந்து 0.5 முதல் 0.8 வோல்ட் கொடுக்க வேண்டும். அப்போது எதிர்மின்முனையில் (கேத்தோடு) கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனாக மாறுகிறது. இதற்கு மின்கலங்களை வரிசையாகக் கோத்துப் பயன்படுத்தலாம் என்பார்கள். ஒவ்வொன்றும் 0.3 முதல் 0.5 வோல்ட்தான் தரும். வரிசையில் ஒன்று நலிந்தாலும் அதன் முனைகள் தலைகீழாகி மற்றவற்றின் மின்சாரத்தையும் விழுங்கிவிடும். அதற்குப் பதில் சிறிய சோலார் தகடும் வோல்ட்டைக் குறைத்து நிறுத்தும் கருவியும் போதும்.

200 லிட்டர் டிரம்மில் முயன்று பார்க்கலாம். 100 லிட்டர் கசடு. மீத்தேன் நுண்ணுயிருக்கு விதையாக, செம்பனை ஆலையின் காற்றில்லாக் குளத்து அடிச்சேறு 50 லிட்டர். ஆலையிலிருந்து நேரே வரும் கழிவை ஊற்றிவிடாதீர்கள். அதன் பி.எச். 4 முதல் 4.5 வரை, தொட்டி புளித்துப்போகும். பி.எச். 6.8 முதல் 7.4க்குள் இருக்கட்டும். 6.5க்குக் கீழே இறங்கினால் புதுக் கசடு ஊற்றுவதை நிறுத்தி, ஆப்பச் சோடாவைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுங்கள். வாயு நிலையாக வரத் தொடங்கியபின் தினம் 5 லிட்டர் எடுத்து 5 லிட்டர் ஊற்றினால் கசடு டிரம்மில் சராசரியாக 30 நாள் தங்கும். நம் வெயிலுக்குச் சூடேற்ற வேண்டியதில்லை.

மின்முனைக்கு கார்பன் ஃபெல்ட் (கரி நாரால் ஆன தடித்த விரிப்பு), துருப்பிடிக்காத எஃகு வலை. செம்புக் கம்பி கூடவே கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டுக் கறுத்து அரித்துப்போகும், கரையும் செம்பு நுண்ணுயிருக்கு நஞ்சு. கசடை முதலில் சல்லடையில் வடியுங்கள். தலைமுடியும் துணி நாரும் ஃபெல்ட்டில் சுற்றிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. கம்பி இணைப்பெல்லாம் டிரம்முக்கு வெளியே இருக்க வேண்டும்: காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் ஒரு பொறி போதும்.

இன்னொன்று, இதைத்தான் அதிகம் மறக்கிறோம். லயன் வீடுகளின் செப்டிக் தொட்டியில் வருடக்கணக்கில் கிடந்த கசடில் சத்து ஏற்கெனவே வடிந்திருக்கும். எத்தனை வோல்ட் கொடுத்தாலும் இல்லாத இரை வாயுவாகாது. சந்தைக் காய்கறிக் கழிவை அரைத்துக் கொஞ்சம் சேர்த்தாலே வித்தியாசம் தெரியும்.

பக்கத்திலேயே அதே கலவையில் மின்சாரம் இல்லாத டிரம் ஒன்றும் வையுங்கள். இரண்டின் வாயுவையும் காஸ்டிக் சோடா கரைசலில் விட்டு (அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும்), மிஞ்சும் மீத்தேனை அளந்து ஒப்பிடுங்கள். அந்த அளவு இல்லாமல் ஊராட்சிப் பணத்தைப் பெரிய தொட்டியில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
கழிவுநீர்த் துறை வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்