செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பெயர்ப் பதிவேட்டை முன்வைத்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களே, படைப்பணியில் கணவரை இழந்த வீர நாரி சகோதரிகளே, படைத்தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி பகுதிகளில் வசிக்கும் முன்னாள் படைவீரர்களும் குடும்பத்தினரும் சேர்ந்து நடத்தும் நமது சங்கத்தின் 2024–25-ஆம் ஆண்டு அறிக்கையைப் பேரவை முன் வைக்கிறேன்.

சுதந்திர தினமும் குடியரசு தினமும் வழக்கம்போலக் கொடியேற்றி, இனிப்பு வழங்கிக் கொண்டாடப்பட்டன. ஜூன் 27 அன்று உதகை பார்சி கல்லறைத் தோட்டத்தில் பீல்டு மார்ஷல் மானெக்ஷா நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தோம். நவம்பரில் ஓய்வூதியர் வாழ்வுச் சான்று முகாம் நடந்தது. டிசம்பர் 7 கொடிநாள் வசூல் முழுவதும் முறைப்படி கட்டப்பட்டு ரசீது பெறப்பட்டது. 1971 போர் வெற்றியை நினைவுகூரும் டிசம்பர் 16 வெற்றி நாள் கூட்டம் நடந்தது. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது. தீர்மானங்கள் மினிட்ஸ் புத்தகத்தில் உள்ளன.

அப்புறம், இந்த ஆண்டின் முக்கியமான வேலைக்கு வருகிறேன். நம் மலையிலிருந்து படைக்குப் போய் உயிர்நீத்தவர்களின் பெயர்ப் பதிவேடுதான் அது. சங்கத்தில் சிலர் இதை 'செயலாளரோட புத்தகம்' என்று சொல்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. ஆகவே அது என்ன, ஏன் தொடங்கினோம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2024 ஜூலை 26 கார்கில் வெற்றியின் 25-ஆம் ஆண்டு. மாணவர்களை அழைத்து நிகழ்ச்சி நடத்தினோம். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் படாலிக் பகுதியில் உயிர்நீத்ததைப் பற்றிப் பேசி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "தாத்தா, நம்ம மலையிலேர்ந்து யார் யார் போய் இறந்தாங்க?" என்று கேட்டான். மேடையில் இருந்த நாங்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னோம். ஒருவர் சொன்ன பெயர் மற்றவருக்குத் தெரியவில்லை. ஊர் தெரிந்தவருக்கு ஆண்டு தெரியவில்லை. சீருடை போட்டவர்களின் சங்கத்திலேயே இந்த நிலை என்றால், இன்னும் இருபது வருடத்தில் அந்தப் பெயர்களைச் சொல்ல யார் இருப்பார்கள்? நீலகிரியில் பழைய வீரக்கற்கள் இருக்கின்றன. வில்லோடு நிற்கும் ஆள் தெரிகிறான், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லத்தான் ஆளில்லை. நம் காலத்து வீரர்களுக்கும் அந்த நிலை வரக்கூடாது என்பதுதான் என் கவலை.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய பிள்ளைகளுக்கு வீரமரணம் என்றால் தேசியக் கொடி போர்த்திய பெட்டி, மூன்று முறை வான்நோக்கிச் சுடுவது, ஊரே திரண்டு நிற்பது. தொலைக்காட்சியில் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் போர்முனையில் இறந்தவரின் உடலை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்க்கும் வழக்கம் 1999 கார்கில் போரில்தான் பரவலானது. 1962, 1965, 1971 போர்களில் பெரும்பாலோரின் இறுதிச் சடங்கு போர்முனைக்குப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தது தந்தி, சில நாள் கழித்து ஒரு பெட்டி, அவ்வளவுதான். உடல் வராத வீட்டில் சமாதி கிடையாது. சமாதி இல்லாததால் மாலை போட இடமும் கிடையாது. நம் ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களிலும்) எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு லைன்களிலும் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. நாம் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்தப் போகும் வழியில் அவை இல்லை.

டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் தியாகச் சக்கரத்தில், சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். பெயர் அங்கே பத்திரமாக இருக்கிறது. அவர் எந்த ஹட்டி, எந்த லைன், அவரை இழந்த குடும்பம் பிறகு எப்படிப் பிழைத்தது என்பதை இங்கே இருக்கும் நாம்தான் சொல்ல வேண்டும். எனவே ஒருவருக்கு ஒரு பக்கம் என்று பதிவேடு தொடங்கினோம். எண், பதவி, படைப்பிரிவு, ஊர், பெற்றோர், இறந்த இடம், நாள். கடைசியில் அவரைப் பற்றி வீட்டார் சொல்லும் ஒரு செய்தி. இதைப் பள்ளி மாணவர்களே நேரில் போய்க் கேட்டு, தங்கள் கையால் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. நம் உறுப்பினர் ஒருவர் துணைக்குப் போவார்.

அந்தக் கடைசிக் கட்டம் எதற்கு, ராணுவ விவரம் போதாதா என்று செயற்குழுவில் கேள்வி வந்தது. நேரில் பார்த்ததையே பதிலாகச் சொல்கிறேன். 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் கணவரை இழந்த ஒரு பாட்டி வீட்டுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவரோடு போயிருந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டியை இழுத்துக் கொடுத்தார். மூடியில் வெள்ளை பெயிண்டில் எழுதிய எண் இருந்தது, பெயரில் பாதி உரிந்து போயிருந்தது. உள்ளே மடித்த கம்பளி மப்ளர், தந்தி, சைன்ய சேவா பதக்கம். மாணவி பதக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, செல்போன் டார்ச் அடித்து, விளிம்பில் பொறித்திருந்த எண்ணையும் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். "அங்க எழுத்து இருக்கறதே எனக்குத் தெரியாதும்மா. ரிப்பனைத்தான் பாத்திருக்கேன்" என்றார் பாட்டி. பெட்டியில் பெயர் உரிந்தாலும் பதக்கத்தில் அப்படியே இருந்தது.

"தாத்தாவைப் பத்தி என்ன எழுதட்டும் பாட்டி?" என்று மாணவி கேட்டாள். "லீவுல வந்தா ஒரு நாள் உக்கார மாட்டாரு. காலையிலேயே கேரட் மூட்டையைத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போயிடுவாரு. அதை எழுது" என்றார். அது அப்படியே பதிவேட்டில் இருக்கிறது. எந்த ஆவணத்திலும் இந்த வரி கிடைக்காது. அந்த மாணவிக்கு அந்தப் படைவீரர் இனிமேல் பாடப்புத்தகப் படம் இல்லை. தன் அப்பாவைப்போல மூட்டை தூக்கிய ஓர் ஆள்.

இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களைத் தேடும் வேலையைக் கல்லூரி மாணவர்கள் இருவர் ஏற்றுக்கொண்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. பல இந்திய வீரர்களுக்குத் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். பர்மாவில் காணாமல்போய்க் கல்லறை இல்லாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் ரங்கூனுக்கு வெளியே தாவுக்கியான் நினைவிடத் தூண்களில் உள்ளன. அவர்களில் தமிழர்கள் பலர். நம் ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்க முடியுமோ அத்தனை விதமாகவும் அந்தப் பிள்ளைகள் தட்டித் தேடி வருகிறார்கள். பாராட்ட வேண்டிய உழைப்பு.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1987 முதல் 1990 வரை இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையில் இறந்தவர்களையும் பதிவேட்டில் சேர்த்திருக்கிறோம். அதற்கு எதிர்ப்பு வந்தது. தாயகம் திரும்பிய குடும்பங்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். அங்கே உறவுகளை இழந்தவர்கள் மனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை நான் மதிக்கிறேன். 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னை வந்திறங்கியபோது வரவேற்க அன்றைய முதலமைச்சர் போகவில்லை. அந்த அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் சிப்பாய் உத்தரவின்பேரில் போனான். ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. 1987 நவம்பர் 25 அன்று அங்கே உயிர்நீத்து, போர்க்கால வீரத்துக்கான நாட்டின் உயரிய விருதான பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழர். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? முப்பத்தைந்து வருடமாக அந்த வீட்டாரை ஒரு மேடைக்கும் நாம் அழைத்ததில்லை. ஒரு தாய், "என் பையன் பேரைச் சொன்னா உங்களுக்குச் சங்கடம்னுதான் நான் வர்றதில்லை" என்றார். அந்தப் பக்கத்தை நீக்கச் சொல்பவர்கள் அந்த அம்மாவின் வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வந்து என்னிடம் பேசட்டும். பேரவை வேறு தீர்மானம் போட்டாலொழிய அந்தப் பெயர்கள் இருக்கும்.

டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் அஞ்சலி செலுத்தினோம். 2021-இல் சூலூரிலிருந்து வெலிங்டன் வந்த ஹெலிகாப்டர் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றும், குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்துப் பெங்களூரிலும் இறந்தது எல்லோருக்கும் தெரியும். இந்த முறை மாலையோடு நிறுத்தவில்லை. அன்று போர்வையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடிய ஊர்க்காரர்களையே மாணவர்களிடம் பேச வைத்தோம். வருண் சிங் விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன் தாம் படித்த பள்ளிக்கு எழுதிய கடிதத்தின் சாரத்தையும் சொன்னோம். சுமாராகப் படிப்பது குற்றமில்லை, எல்லோராலும் தொண்ணூறு வாங்க முடியாது, எடுத்த வேலையை முழு மனதோடு செய் என்று எழுதியிருந்தார். அன்று கூட்டம் முடிந்ததும் பதிவேட்டு வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்தான். வீரவசனம் பேசிப் பிள்ளைகளை இழுக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அன்றே உறுதியாயிற்று.

எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதிரி இல்லை. ஒரு பள்ளியில் தேர்வு நெருங்குகிறது என்று சொல்லி இரண்டு மணி நேரம்கூடத் தர மறுத்துவிட்டார்கள். பாடத்தின் அவசரம் புரிகிறது. ஆனால் அதே பள்ளி ஆண்டு விழாவில் ராணுவ உடுப்புப் போட்டுக் குழந்தைகளை ஆட வைக்கிறார்கள். ஒரு சனிக்கிழமையாவது கொடுத்திருக்கலாம்.

பள்ளியைச் சொல்வதற்கு முன் நம்மைச் சொல்ல வேண்டும். கார்கில் நாளன்று மழை, பனிமூட்டம், பஸ் இல்லை என்று பலர் வரவில்லை. நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. பிள்ளைகள் வந்துவிட்டார்கள், தாத்தாக்கள் வரவில்லை. இந்த மழையை விடவா சியாச்சினும் தவாங்கும் நமக்கு எளிதாக இருந்தது? ராணுவக் கேன்டீனில் பொருள் வாங்கும் நாளில் காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்கும் நம்மால், நினைவு நாளன்று பத்து மணிக்கு வர முடியாதா? உடல்நலம் இல்லாதவர்களைச் சொல்லவில்லை. ஒருவர் ஊன்றுகோலோடு கோத்தகிரிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். அவர் வந்ததால்தான் இதைக் கேட்கும் உரிமை எனக்கு வருகிறது.

சந்தா விஷயமும் அப்படியே. ஆண்டுக்கு முந்நூறு ரூபாய். இரண்டு மூன்று ஆண்டுகளாகக் கட்டாதவர்கள் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை, எல்லோரும் நம் ஆட்கள். ஆனால் ஓய்வூதியத்தில் சிக்கல், மருத்துவ அட்டையில் சிக்கல் என்று வரும்போது சங்கத்தின் கதவைத்தான் தட்டுகிறார்கள். அப்போது சந்தா கட்டினீர்களா என்று நாங்கள் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டோம். அதனாலேயே தாமாக முன்வந்து கட்டும்படி வேண்டுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், சந்தாவும் நன்கொடையும் வந்ததில் பெரும்பகுதி நிகழ்ச்சிகள், வாடகை, தபால், உறுப்பினர் மறைவுக்கு வைத்த மலர்வளையம் ஆகியவற்றுக்குப் போனது. பதிவேட்டுக்கான நோட்டுகளும் மாணவர்களின் பஸ் கட்டணமும் பெரும்பாலும் தனி நன்கொடைகளால் சமாளிக்கப்பட்டன. கையிருப்பு சிறிதளவு உள்ளது. கணக்கு தணிக்கை செய்யப்பட்டுள்ளது.

நல்லாலோசனை வழங்கிய தலைவருக்கும், பொருளாளருக்கும், இடம் தந்து உதவிய ஊர்ப் பெரியவர்களுக்கும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும், ஒலிபெருக்கி தந்த தம்பிக்கும், டீ போட்டுக் கொடுத்த மகளிர் குழுவினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. மாணவர்களை அனுப்பிய ஆசிரியர்களுக்குத் தனியாக நன்றி சொல்லியாக வேண்டும்.

அடுத்த ஆண்டு பதிவேட்டைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு பள்ளி நூலகத்துக்கும் ஒரு பிரதி, குறிப்பிடப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி தர வேண்டும் என்பது என் விருப்பம். அச்சுச் செலவு நம் கையிருப்பைத் தாண்டும். மேல்மலை ஹட்டிகளில் இன்னும் போகாத வீடுகள் உண்டு. அங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது, அவர்களோடு அந்த விவரமும் போய்விடும். எனக்கும் முன்போல ஏற்றம் ஏற முடிவதில்லை. நாற்பது, ஐம்பது வயதில் அண்மையில் ஓய்வு பெற்று வந்திருக்கும் தம்பிகள் இருவராவது இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் செயலாளர் பதவியையும் சேர்த்து மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். எடுக்க ஆளில்லை என்றால் முடிந்தவரை நானே பார்க்கிறேன், பாதியில் விடமாட்டேன்.

பதிவேட்டின் நோட்டுகள் மேசை மேல் உள்ளன. உங்கள் ஊர், உங்கள் யூனிட் ஆட்கள் யாராவது விடுபட்டிருந்தால் இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சந்தா ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் கதவுப் பக்கம் அமர்ந்திருக்கிறார். மதிய உணவுக்குப் பிறகும் இருப்பார்.

இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்