லண்டன் எட்டு மணி நேரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

மும்பை–லண்டன் வான்வழி நேர்த்தூரம் சுமார் 7,200 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம், ஆக எட்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டு இறங்கியவுடன் ரயிலுக்கு முன்பதிவு செய்பவர்கள் இங்கே ஏராளம். கணக்கு சரி, விமானம்தான் அப்படிப் பறப்பதில்லை. ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்வது, லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மேல் வானில் வட்டமடிப்பது எல்லாம் சேரும். மேற்கே போகும்போது எதிர்காற்று. திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் பயணம் குறைகிறது.

பெரிய குழப்பம் கடிகாரத்தில். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மதியம் 1.00 மணிக்குக் கிளம்பி மாலை 6.00 மணிக்கு இறங்கினால் பயணம் ஐந்து மணி நேரமா? லண்டன் கடிகாரம் நம்முடையதைவிடப் பின்தங்கி இருப்பதால், கோடையில் நாலரை மணி கூட்டுங்கள்: ஒன்பதரை. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று பிரிட்டன் கடிகாரத்தை மாற்றும். குளிர்காலத்தில் வித்தியாசம் ஐந்தரை. இணைப்பு ரயிலைப் பதியும் முன் தேதியைப் பாருங்கள். இறங்கிய பின் பாஸ்போர்ட் சோதனை, பெட்டி எடுப்பது என மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

சென்னையிலிருந்து மும்பை வழியாகப் போகிறவர்கள் டெர்மினல் எண்ணையும் பார்க்கவும். வெளிநாட்டு விமானம் டெர்மினல் 2-இல்; உள்நாட்டு விமானம் டெர்மினல் 1-இல் இறக்கினால் அங்கிருந்து டெர்மினல் 2-க்கு வர வேண்டும்; சாலை வழியாக வந்தால் நெரிசலையும் கணக்கில் கொள்ளுங்கள்.

– வாசகர், மாட்டுங்கா, மும்பை