செட்டியார் தெரு ஐயாவுக்கு

அன்புள்ள ஐயா,

2006இல் உங்கள் நகைக்கடைக்கு நான் செய்துதந்த இணையத்தளம் நினைவிருக்கிறதா? அதுதான் என் முதல் வேலை. உயர்தரம் முடித்துவிட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நெட் கபேயில் மணித்தியாலக் கணக்கில் காசு கட்டி, மற்றவர்களுடைய பக்கங்களின் மூலநிரலைத் திறந்து பார்த்தே பழகியவன் நான். பட்டம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. "செய்து காட்டுங்கோ தம்பி" என்றீர்கள்.

பக்கம் வடிவாகத்தான் இருந்தது. மெரூன் பின்னணி, பொன்னிற எழுத்து. வடிவாக இருந்தால் போதும் என்று அப்போது நினைத்தேன். ஒரு கிழமை கழித்து ரொறன்ரோவிலிருந்து உங்கள் மகள் அழைத்தார்: தமிழ்ப் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் கிடக்கிறதாம்.

நான் பாமினி என்ற எழுத்துருவில் தட்டியிருந்தேன். பாமினியில் நம் கண்ணுக்குத் தமிழாய்த் தெரிவது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்து. மெய்யின் புள்ளி ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். "எழுத்துருவைத் தரவிறக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அது பதிலே இல்லை, ஐயா. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கிற பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் 1991இலேயே தமிழ் இருந்தது. நான் திறந்து பார்த்துப் படித்த பக்கமெல்லாம் ஆங்கிலம். தமிழுக்கு என்ன செய்யவேண்டும் என்பது அவற்றில் இருக்கவேயில்லை.

இப்போது எந்த வேலை வந்தாலும் தமிழ்ப் பக்கத்தைத்தான் முதலில் செய்கிறேன். மும்மொழித் தளங்களில் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத்தான் தமிழுக்கும் மாட்டிவிடுகிறார்கள். வரி இடைவெளியை எழுத்தளவின் 1.2 மடங்கு என்று வைத்தால், மேல்வரி 'று'வின் வால் கீழ்வரி 'கீ'யின் கொக்கியில் இடிக்கும். நான் 1.7 வைக்கிறேன். ஆங்கிலத்தில் ஏழு எழுத்தில் முடிகிற பொத்தானுக்குள் 'தொடர்புகொள்ளுங்கள்' அடங்காது. சொல்லை வெட்டாமல் பொத்தானை அகட்டுகிறேன். கடைசியில், விலை குறைந்த ஒரு போனோடு காலி வீதியால் போகிற 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, புறக்கோட்டை வரும்வரை அந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டு வருவேன். வெயிலில் தெரியாத நிறமும் மெதுவாக இறங்குகிற படமும் காலி வீதியிலேயே பிடிபட்டுவிடும்.

உங்கள் பழைய பக்கத்தின் கோப்புகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு வரியையும் யுனிகோடுக்கு மாற்றிவிட்டேன். காசு வேண்டாம். மகளை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள், ஐயா. எந்த எழுத்துருவையும் தரவிறக்கத் தேவையில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி