தோட்டத்து ஆட்களுக்கு என்ன தெரியும்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் ஜூரி முறை பற்றி, அதாவது பொதுமக்களில் சிலர் நீதிமன்றத்தில் உட்கார்ந்து வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் முறை பற்றி, வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'சட்டம் தெரியாத தோட்டத்து ஆட்களிடம் ஓர் உயிரை எப்படி ஒப்படைப்பது' என்று அதில் ஒரு வரி. முப்பது வருடத்துக்கு மேலாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிற தோட்டத்து ஆள் நான். அந்த வரி முள்ளாகத் தைத்துவிட்டது, ஐயா.

1987-இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கில் நான் ஜூரியாக உட்கார்ந்தேன். அப்போது எனக்கு ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. ஜூரி ஏழு பேரில் லயத்து ஆள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருப்பவர், ஒருவர்கூட இல்லை. எல்லோரும் ஆங்கிலம் படித்தவர்கள், ஆபீஸ் வேலை பார்த்தவர்கள். கட்டுரையாளர் யாரைக் கண்டு பயப்படுகிறாரோ, அந்தப் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவருக்கு அந்த நாற்காலி கிடைக்கவே இல்லை.

சாட்சி சொன்னவர் ஓர் அம்மா, பால்மரம் வெட்டுகிறவர். குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி, "இந்தப் பக்கம் வந்தா வெட்டிப் போட்ருவேன்னு சொன்னாருங்க" என்றார். கொலை செய்யப்போவதாக மிரட்டினார் என்று மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல, நீதிபதி எழுதிக்கொண்டார். லயத்தில் இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை உண்டா? அப்பா மகனைச் சொல்வார், அக்கா தம்பியைச் சொல்வாள். ஒரு துண்டுத்தாளில் எழுதி ஜூரித் தலைவரிடம் கொடுத்தேன். நீதிபதி படித்துவிட்டு மறுபடி கேட்கச் சொன்னார். அந்த அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "கோவத்துல எல்லாரும் சொல்றதுதானுங்களே ஐயா" என்றார். அதுவும் பதிவானது. நாங்கள் உள்ளே பேசியதை இன்றுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அந்தப் பேச்சு தெரிந்த ஒருவன் அங்கே இருந்தான். இன்று ஒரே நீதிபதிதான். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் சொன்னதுதான் சாட்சி.

ஜூரி தவறே செய்யாது என்று சொல்லவில்லை. கார்த்திகேசு என்பவர் மீதான கொலை வழக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 1980-இல் ஜூரி ஏழு பேரில் ஐந்து பேர் அவரைக் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். முக்கிய சாட்சி தான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்ட பிறகு 1981-இல் கார்த்திகேசு விடுதலையானார். அந்தப் பொய்யை ஒரு நீதிபதி மட்டும் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாரா? அப்புறம், நம் மலேசியாவில் 1969-இல் ஜூரி ஒழிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சிங்கப்பூர். இங்கே 1995 ஜனவரி 1-ஆம் தேதிதான் நீக்கினார்கள். தொண்ணூறுகளில் தெமர்லோவில், பாடகியாக இருந்து மாந்திரீகம் செய்த மோனா ஃபெண்டியின் கொலை வழக்கை ஏழு பேர் ஜூரிதானே கேட்டது? அதை நாள்தோறும் உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன்.

எங்களுக்குச் சட்டம் தெரியாது என்கிறீர்களே, யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் பாட்டிமாருக்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடி நான் லயம் லயமாக அலைந்தேன். என் தங்கை மகனை மோட்டார்சைக்கிள் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்தார்கள். முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள் ரிமாண்ட், அதாவது விசாரணைக்காகப் போலீஸ் காவல். அவன் எங்கே இருக்கிறான் என்பதே எங்களுக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. கைதானவர் வீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உரிமை உண்டு என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவில் இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? 'ஒத்துக்கிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்' என்று யாரோ சொல்ல, ஒத்துக்கொண்டான். பெயரில் குற்றப் பதிவு ஏறியது, ஃபேக்டரி வேலை போனது. வழக்கறிஞரோடு ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தங்கை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்போது நான் உங்களுக்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் வரவே இல்லை.

ஜூரியைத் திரும்பக் கொண்டுவருவது உங்கள் கையில் இல்லை, எனக்குத் தெரியும். நான் கேட்பது இரண்டுதான். வருடத்தைத் திருத்திப் போடுங்கள். பிறகு, அந்த 28ஏ பிரிவையும், கைதானவர்களுக்கு உதவுகிற தேசிய சட்ட உதவி அறக்கட்டளையை எப்படி அணுகுவது என்பதையும் ஒரு சின்னக் கட்டத்தில் தமிழில் ஞாயிறுதோறும் வெளியிடுங்கள். ராசிபலனுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், இதற்குத் தீப்பெட்டி அளவு இடம் போதும்.

வரும் ஞாயிறு காலையிலேயே கடைக்குப் போய் வாங்கிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.