தாத்தாவின் கப்

லால்குடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள செந்திலுக்கு,

நேற்று போனில், "தீவிரவாத வழக்குல பிடிச்சவங்களுக்கு எதுக்கும்மா ஜாமீன்?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தாத்தா கடைசிக் காலத்தில் காபி குடித்தது ஞாபகம் இருக்கிறதா? பார்க்கின்சன் வந்து கை நடுங்கி, டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதிக் காபி வேட்டியில் கொட்டிவிடும். மூடி போட்ட கப்பும் உறிஞ்சு குழலும் வாங்கித் தந்த பிறகுதான் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து குடித்தார்.

நம் பக்கத்து ஊர் விரகாலூரில் பிறந்த ஸ்டான் சுவாமிக்கும் அதே நோய்தான். ஜார்க்கண்டில், விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காகக் கோர்ட்டுக்குப் போன பாதிரியார். 2020 அக்டோபரில் உபா என்கிற தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தில் அவரையே கைது செய்து, மும்பை பக்கம் இருக்கிற தலோஜா சிறையில் அடைத்தார்கள். அப்போது வயது 83. தண்ணீர் குடிக்க ஒரு குழலும் கப்பும் வேண்டும் என்று மனுப் போட்டார். பதில் சொல்ல, வழக்கை நடத்திய மத்திய அரசின் புலனாய்வு அமைப்பான என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. ஒரு உறிஞ்சு குழலுக்கு, செந்தில்! அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சட்டத்தில் 43டி(5) என்று ஒரு பிரிவு இருக்கிறது. போலீஸ் தரப்புக் காகிதங்களைப் பார்த்து, குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது. அந்தக் காகிதம் பொய் என்று காட்டுவதற்குச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அதற்கு வழக்கு நடக்க வேண்டும். வழக்குதான் நடப்பதே இல்லையே! குற்றப்பத்திரிகை போடவே 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் வருஷக்கணக்கில் வாய்தா.

குண்டு வைத்தவனை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. கூண்டில் ஏற்று, நிரூபி, தண்டனை கொடு. அதைச் செய்யாமல் உள்ளேயே வைத்திருந்தால் அதுவே தண்டனை இல்லையா?

2021 ஜூலை 5 அன்று ஸ்டான் சுவாமியின் ஜாமீன் மனு மும்பை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அவர் இறந்துவிட்டார் என்று மருத்துவமனை டாக்டர்தான் நீதிபதிகளிடம் சொன்னார். வழக்கு விசாரணை அதுவரை தொடங்கவே இல்லை.

அந்தப் பிரிவைத் தேடிப் படி, அரைப் பக்கம்கூட இருக்காது. படித்துவிட்டுக் கூப்பிடு. ஒன்பது மணிக்குள் கூப்பிடு, அப்பாவும் பேச வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா