சிவப்புக் காசு வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள மக்களே,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த 1862 விக்டோரியா செம்புக் கால் அணாவின் படத்தை நேற்று ராத்திரியே பார்த்துவிட்டேன். குரல் பதிவில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, இரண்டு வரியிலும் அடங்காது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகு சாவகாசமாகப் படி. விற்கிறவர் "ஒரிஜினல் ரெட், மின்ட்டில் இருந்து நேரே வந்த மாதிரி" என்று எழுதியிருக்கிறார், அதாவது அச்சடித்தபோது இருந்த சிவப்பு இன்னும் போகவில்லையாம், பழுப்பாகக் கிடைக்கிற அதே காசைவிடப் பல மடங்கு விலையும் கேட்கிறார். வாங்கவே வாங்காதே என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு படத்தை நம்பி மஸ்கட்டில் நீ வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தைப் போட்டுவிடாதே என்றுதான் சொல்கிறேன்.

முதலில் செம்பு என்ன செய்யும் என்று தெரிந்துகொள். அச்சடித்து வெளியே விழும்போது ஆரஞ்சும் சிவப்பும் கலந்த ஒரு நிறம், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. காற்று பட்ட நாளில் இருந்தே மேலே ஆக்ஸைடு படிய ஆரம்பிக்கும், மினுக்கம் கொஞ்சம் அடங்கும், அப்புறம் செங்கல் நிறம், அப்புறம் பழுப்பு, ஈரமும் கந்தகமும் சேர்ந்தால் கறுப்பு. இது ஒரே திசையில்தான் போகும். பழுப்பான செம்பைத் திரும்பவும் பழைய சிவப்புக்குக் கொண்டுவர இதுவரை யாராலும் முடிந்ததில்லை, முடிந்ததாகச் சொல்கிறவர்கள் மேல்தோலை உரித்து எடுத்துவிட்டு அடியில் இருக்கிற செம்பைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. செம்புக் குடத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் என்ன நடக்கும்? கறுப்பு கரைந்து ஓடும், உள்ளே இருந்து ஒரு ரோஸ் நிறம் எட்டிப் பார்க்கும், கழுவி வெயிலில் வைத்தால் பளபளவென்று இருக்கும், கொஞ்ச நாளிலேயே திட்டுத் திட்டாக மங்கும். அந்த ரோஸை நன்றாக நினைவில் வை. புளி, எலுமிச்சம்பழம், வினிகர், கடையில் விற்கிற பித்தளை பாலிஷ் என்று எதைப் போட்டாலும் காசிலும் அந்த ரோஸ்தான் வரும், காசு முழுக்க ஒரே சீராக, உயிரில்லாமல். அச்சில் பிறந்த நிறத்தில் ஆரஞ்சு இருக்கும், ஒரே காசிலேயே இடத்துக்கு இடம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும்.

ஆனால் நிறத்தின் பெயரை வைத்து முடிவு செய்யப் போனால் ஏமாந்துவிடுவாய், ஏனென்றால் படத்தில் ரோஸையும் ஆரஞ்சையும் பிரித்துச் சொல்வது எனக்கே கஷ்டம். நான் முதலில் பார்ப்பது சிவப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான். விக்டோரியா காசில் ராணியின் கன்னம், கிரீடத்துக்குக் கீழே காதுப்பக்கத்து முடி, தோள், இதெல்லாம் மேடு. கையில் பட்டு, பையில் உரசி, மேசையில் தேய்ந்து முதலில் பழுப்பாவது இந்த மேடுகள்தான். எழுத்துகளின் அடி, கியூ எழுத்தின் வயிறு, பின்பக்கத்துப் பூவேலையின் இடுக்கு, விளிம்பு ஓரத்துப் பள்ளம், இங்கேயெல்லாம் விரல் போகாது, அதனால் சிவப்பு கடைசிவரை ஒளிந்திருப்பது அங்கேதான். அசல் நிறம் மிச்சமிருக்கிற காசில் மேடு பழுப்பு, பள்ளம் சிவப்பு. தேய்த்த காசில் இது அப்படியே தலைகீழ், மேடெல்லாம் பளபளக்கும், எழுத்தின் வேரில் துணியும் புளியும் எட்டாத இடத்தில் கறுப்பு அப்பியிருக்கும். லென்ஸை வைத்து ஒரே ஒரு எழுத்தைச் சுற்றிப் பார்த்தால் போதும், பாதிக் கதை தெரிந்துவிடும். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், விக்டோரியா என்று எழுதிய இடத்தில் எழுத்துக்கு எழுத்து நடுவே கறுத்துக் கிடக்கிறது, கன்னம் மட்டும் பளீரென்று இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். முடியின் இழைகள் மழுங்கியிருக்கின்றன. காசு தேய்ந்திருக்கிறது என்றால் பல பேர் கையில் பல வருஷம் புழங்கியிருக்கிறது என்று அர்த்தம், ஒருத்தர் கைவேர்வை போதும் செம்பு கறுக்க. அப்படிப் புழங்கின காசு முழுச் சிவப்பாக இருக்க வழியே இல்லை. தேய்மானமும் முழுச் சிவப்பும் ஒரே காசில் சேர்ந்து வந்தால் இரண்டில் ஒன்று பொய், தேய்மானம் பொய் சொல்லாது.

அப்புறம் மினுக்கம். காசு அச்சடிக்கும்போது அந்த அழுத்தத்தில் உலோகம் நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி நகரும், அதில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் விழும். ஒற்றை பல்பின் கீழே காசைச் சாய்த்து மெதுவாகச் சுற்றினால் அந்தக் கோடுகளில் பட்ட வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரம் போலக் காசின் மேலே சுழன்று வரும். அமிலம் பட்டால் இந்தக் கோடுகள் அரித்துப் போகும், துணியால் தேய்த்தால் அழிந்து போகும், அதன் பிறகு காசு மினுங்கலாம், வெளிச்சம் ஓடாது, ஒரே இடத்தில் அப்படியே நிற்கும். டியூப்லைட்டில் இது தெரியாது கேட்டியா, சின்ன பல்பு வேண்டும். நிறத்தைப் பார்க்க மட்டும் ஜன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சம். பழுப்பான காசிலும் இந்த ஓட்டம் இருக்கலாம், அப்படி ஒன்று கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுப்பேன், சிவப்பென்று சொல்லி ஓட்டமில்லாமல் கிடப்பதை விட்டுவிடுவேன்.

நீ அங்கே இருந்துகொண்டு எப்படிச் சுற்றிப் பார்ப்பாய்? விற்கிறவரிடம் வீடியோ கேள். காசை விளிம்பில் பிடித்து, ஒரு விளக்கின் கீழே, பைய ஒரு சுற்று. கூடவே ஒரு படம், வெள்ளைத் தாளின் மேல் இந்தக் காசையும் பக்கத்தில் இப்போது புழங்குகிற ஒரு ரூபாயையும் வைத்து. ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, அது சாம்பல் நிறமாகத்தான் தெரிய வேண்டும். அது மஞ்சளடித்தோ சிவந்தோ தெரிந்தால் படத்தின் நிறமே கெட்டிருக்கிறது, மஞ்சள் பல்பில் எடுத்திருக்கலாம், போனில் நிறத்தைக் கூட்டியிருக்கலாம். பழுப்புக் காசைச் சிவப்பாக்க அது ஒன்றே போதும். இந்த இரண்டையும் கேட்டால் நேர்மையான வியாபாரி யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எல்லாக் காசுக்கும் ஒரே சிவப்பை எதிர்பார்க்கவும் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835 கால் அணாவும் விக்டோரியா கால் அணாவும் செம்பு, 100 கிரெயின், அதாவது கிட்டத்தட்ட ஆறரை கிராம். எட்வர்ட் காலத்தில், 1906இல், வெண்கலத்துக்கு மாற்றினார்கள், செம்போடு கொஞ்சம் வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்தது, எடையும் 75 கிரெயினாக, ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. 1906 கால் அணா இரண்டு விதமாகவும் உண்டு, தராசில் வைத்தால் எதுவென்று தெரிந்துவிடும். வெண்கலம் புதிதாக இருக்கும்போது செம்பைவிட மஞ்சள் சாய்வாக இருக்கும், ஜார்ஜ் காசைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு விக்டோரியாவின் அசல் சிவப்பே சந்தேகமாகத் தோன்றும். சில வெண்கலக் காசில் மரப்பலகையில் இருக்கிற மாதிரி வரிவரியாக நிறம் ஓடும், உருக்கும்போது கலவை சரியாகக் கலக்காததால் வருவது அது, யாரோ தேய்த்த தடம் என்று நினைத்துத் தள்ளிவிடாதே. தேய்த்த தடம் மெல்லிய கீறலாக, ஒரே பக்கம் சாய்ந்து, எழுத்தின் மேலேயும் ஏறிப் போகும்.

பாட்டாவின் ஹார்லிக்ஸ் குப்பியில் கிடந்த திருவிதாங்கூர் காசுகளை நான் எடுத்துப் பிரித்து வைத்திருக்கிறேன். 1949 வரை தக்கலையும் குழித்துறையும் நாகர்கோவிலும் அந்த ராஜ்யம்தானே, 1956 நவம்பரில்தானே நம் மாவட்டம் இந்தப் பக்கம் சேர்ந்தது, அதனால் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சங்கு போட்ட செம்புக் காசு இன்னும் கிடைக்கும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அந்தக் குப்பியில் நாலு காசு, எட்டு காசு, சித்திரைத் திருநாள் மகாராஜாவின் தலை போட்ட ஒரு சக்கரம் எல்லாம் இருக்கின்றன, பெரும்பாலும் நல்ல சாக்லேட் பழுப்பு, ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் சங்கின் மடிப்புக்குள்ளே சிவப்பு தங்கியிருக்கிறது, வெளிமேடெல்லாம் பழுப்பு. அசல் நிறம் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன். உனக்கும் அதைப் படமெடுத்து அனுப்புகிறேன், நாள்தோறும் ஒரு முறை பார், கண் தானாகப் பழகும். அமெரிக்காவின் பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்று நிறுவனங்கள் செம்பை ரெட், ரெட் பிரவுன், பிரவுன் என்று மூன்றாகப் பிரிக்கின்றன, அவர்கள் கணக்கில் 95 சதவீதத்துக்கு மேல் அசல் சிவப்பு இருந்தால்தான் ரெட், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பிரவுன், நம் சக்கரம் நடுவில் வரும். உன் விற்பனையாளர் சான்று எதுவும் இல்லாமல் ரெட் என்று தானே போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நிறுவனங்கள் அடைத்துத் தருகிற சான்றுப் பெட்டிக்குள் இருக்கிற காசும் நிறம் மாறாமல் நிற்கும் என்று இல்லை, செம்பு பெட்டிக்குள்ளேயும் மெதுவாக மங்கத்தான் செய்யும், அதனால் சீட்டைப் படித்தாலும் காசையும் பார்.

பச்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரும்பச்சையாக, இறுகி, தோல் போல ஒட்டியிருந்தால் பயமில்லை. வெளிர்பச்சையாக, மாவு போல, குத்தினால் உதிர்கிற களிம்பு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், அது உப்பால் வருகிற நோய், உள்ளே தின்றுகொண்டே போகும், நம்மூர் ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. ஊதா, நீலம் என்று வானவில் மாதிரி மின்னுகிற செம்பும் இருக்கிறது, அதில் அசலாக வந்ததும் உண்டு, ஆனால் சுத்தம் செய்த காசு திரும்பக் கறுக்கும்போதும் சூடு காட்டினாலும் அந்த நிறங்கள் வரும், அதனால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே. கம்பெனி 1818இல் அடித்தது என்று ராமர், அனுமார் படம் போட்டு அரிசியை இழுக்கும் என்று கதைவிட்டு விற்கிற "அணா"க்களை யாராவது அனுப்பினால் பதிலே போடாதே. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை, அதை நம்பி நிலத்தை விற்றவர்களை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன்.

வாங்கினால் முகவரி நம் வீட்டுக்கே கொடு. நூறு வருஷம் தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள், அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, அதனால் லீவு முடிந்து போகும்போது பெட்டியில் போடுகிற எண்ணமே வேண்டாம், நான் பத்திரமாக வைத்திருப்பேன். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு, கடலும் பக்கம், அதனால் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன், கார்த்திகைக்கு ஒரு தடவை பொட்டலத்தை மாற்றுவேன். மெத்தென்று இருக்கிற பிவிசி உறையில் வந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவேன், அது நாளாக ஆகப் பச்சைப் பிசினைக் கக்கும். ரப்பர் பேண்டை அந்த அலமாரிப் பக்கமே விடமாட்டேன், அதில் கந்தகம் இருக்கிறது, செம்பைக் கறுக்க வைக்கும். உன் அப்பாவிடமும் காசின் முகத்தில் விரல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன், விரல்ரேகை செம்பில் விழுந்தால் அது அங்கேயே கிடக்கும்.

இன்றைக்கே விற்கிறவருக்கு எழுது. வீடியோவும் ஒரு ரூபாயோடு சேர்த்து எடுத்த படமும் கேள், எடை எத்தனை கிராம் என்றும் கேள், பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுப்பாரா என்று எழுத்தில் வாங்கு. வந்ததும் எனக்கு அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறவரை பணம் போடாதே. அவர் மறுத்தால் விட்டுவிடு, 1862 கால் அணா ஏராளமாக அடித்த காசு, நல்ல பழுப்பில், முடி இழை தெளிவாக, வெளிச்சம் ஓடுகிற ஒன்றை நானே தேடித் தருகிறேன்.

அம்மா
தக்கலை